‘புரிஞ்சிடுச்சு’ என்கிறான், மதிப்பெண்தான் வரவில்லை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: இடைநிலைப்பள்ளி அறிவியலைக் காணொளியில் படிப்பது. நான் பினாங்கில் 30 வருஷத்துக்கு மேல் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் என்பதால், ஆசிரியர் குழு மொத்தக் கட்டையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டது. எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். நீளமான கடிதங்களைச் சுருக்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: என் மகன் படிவம் 4. பள்ளியில் நடத்துவது புரியவில்லை என்று சொன்னதால் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் காணொளி வகுப்பில் சேர்த்து ஓராண்டுச் சந்தா கட்டினோம். தினமும் இரவு இயர்போன் மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பார்க்கிறான். “எல்லாம் புரிஞ்சிடுச்சும்மா, இந்த சார் சூப்பரா சொல்றாரு” என்கிறான். அரையாண்டுத் தேர்வில் இயற்பியலில் 31. பையன் பொய் சொல்கிறானா, இல்லை நாங்கள் கட்டிய பணம் தண்டமா? (ஒரு தாய், பட்டர்வொர்த்)

பதில்: பையன் பொய் சொல்லவில்லை அம்மா. அவனுக்கு உண்மையிலேயே புரிந்த மாதிரிதான் இருக்கிறது, சிக்கலே அதுதான். மாமாக் கடையில் ரொட்டி சானாய் வீசுகிறவர் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். மாவைத் தட்டுகிறார், இரண்டு கையாலும் தூக்கி வீசுகிறார், அது மேசைத்துணி மாதிரி விரிகிறது, மடித்துக் கல்லில் போடுகிறார். அதில் புரியாத அசைவு என்று ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து நாம் வீசினால் முதல் வீச்சிலேயே மாவு கிழிந்து தரையில் கிடக்கும்.

இதை ஒருவர் முறையாகவே ஆராய்ந்திருக்கிறார். டெரெக் முல்லர் என்று பெயர், இப்போது யூடியூபில் அறிவியல் காணொளிகளால் உலகம் அறிந்த ஆள். 2008இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் அவர் முடித்த முனைவர் பட்ட ஆய்வே இயற்பியல் காணொளிகளைப் பற்றியதுதான். மாணவர்களில் ஒரு பகுதியினருக்குச் சுருக்கமான, தெளிவான விளக்கக் காணொளியைக் காட்டினார். இன்னொரு பகுதியினருக்கு, ஒருவர் தப்பான கருத்தைச் சொல்ல மற்றவர் அதைப் பிடித்து மடக்கிக் கேள்வி கேட்கிற உரையாடலைக் காட்டினார். தெளிவான காணொளியைப் பார்த்தவர்கள் நன்றாக இருந்தது, சுலபமாக இருந்தது என்றார்கள், ஆனால் பிறகு வைத்த சோதனையில் அவர்களுடைய மதிப்பெண் முன்பு இருந்த இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. உரையாடலைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்றார்கள், மதிப்பெண் ஏறியது அவர்களுக்குத்தான்.

ஏன் அப்படி? இன்று இரவே உங்கள் மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ஓர் எலுமிச்சம்பழத்தை நேராக மேலே எறிகிறோம், பழம் கையை விட்டுவிட்டது, இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் அதன்மேல் என்னென்ன விசை இருக்கிறது? என் அனுபவத்தில், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே “மேல்நோக்கி நம் கை கொடுத்த விசை, கீழ்நோக்கி ஈர்ப்பு விசை” என்பார்கள். சரியான விடை, காற்றுத் தடையை விட்டுவிட்டால், ஈர்ப்பு விசை மட்டும்தான். கையை விட்டதோடு கையின் விசை முடிந்தது, பழம் தொடர்ந்து மேலே போவது அதற்கு ஏற்கெனவே கிடைத்துவிட்ட வேகத்தால். காணொளி ஆசிரியர் இதை அழகாகச் சொல்வார், பையனும் தலையாட்டுவான், ஆனால் மனசுக்குள் அந்தப் பழைய ‘கை விசை’ அசையாமல் உட்கார்ந்திருக்கும். தெரிந்த விஷயத்தைத்தான் திரும்பச் சொல்கிறார்கள் என்று அவன் நினைத்துக்கொள்வான். வகுப்பில் இருக்கிற ஆசிரியர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பார் (எல்லாரும் இல்லை, கண்டுபிடிக்கிறவர்கள் உண்டு). காணொளி யார் முகத்தைப் பார்க்கப்போகிறது?

அதனால் சந்தாவை நிறுத்த வேண்டாம், பார்க்கிற விதத்தை மாற்றுங்கள். காணொளியைத் தொடங்குவதற்கு முன்னாலேயே அவன் ஒரு பதிலைத் தாளில் எழுதியிருக்க வேண்டும், அது தப்பாக இருந்தாலும் சரி, தப்பாக இருந்தால் இன்னும் நல்லது. ஊசல் பாடம் என்று வைத்துக்கொள்வோம். தையல் நூலில் ஒரு சிறிய பூட்டைக் கட்டி, நூலின் நீளம் 1 மீட்டர் இருக்கும்படி தொங்கவிட்டு, லேசாகத் தள்ளி, 20 முறை போய்வர எத்தனை விநாடி என்று கைப்பேசியில் பார்க்கச் சொல்லுங்கள். 40க்குப் பக்கத்தில் வரும். இப்போது நூலைக் கால்வாசியாக, 25 சென்டிமீட்டராகச் சுருக்கினால் 20 ஆட்டத்துக்கு எத்தனை விநாடி ஆகும்? எழுது என்று சொல்லுங்கள். பெரும்பாலும் 10 என்று எழுதுவான், நீளம் கால்வாசி என்றால் நேரமும் கால்வாசிதானே. செய்து பார்த்தால் 20 வரும். ‘என்னடா இது’ என்று அவன் முகம் மாறுகிறதே, அப்போதுதான் காணொளியை ஓடவிட வேண்டும். நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் நேரம் மாறும் என்று அதில் சொல்லும்போது அவன் காது வேறு மாதிரி கேட்கும்.

இன்னொன்று. பாடம் முடிந்ததும் அதையே திரும்பப் போட்டுப் பார்க்கிற பழக்கம் இருந்தால் விடச் சொல்லுங்கள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பாடப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு பக்கம், ஒருமுறை படித்தபின் மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். பரீட்சை ஐந்து நிமிஷம் கழித்தா வருகிறது?

நீங்கள் இயற்பியல் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இரவு சாப்பிடும்போது, “இன்னைக்குப் பார்த்ததுல நீ முதல்ல தப்பா நினைச்சது எது?” என்று மட்டும் கேளுங்கள். ‘ஒண்ணும் இல்ல’ என்றால் அவன் பாடம் படிக்கவில்லை, படம் பார்த்திருக்கிறான். ஒன்றரை மணி நேரமும் வேண்டாம், பேனாவோடு மேசையில் உட்கார்ந்து 40 நிமிஷம் போதும். படுக்கையில் சாய்ந்துகொண்டு பார்த்தால் நூறு மணி நேரம் பார்த்தாலும் 31தான்.

கேள்வி: சார், எல்லாக் காணொளியையும் 2 மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறேன். அப்பா திட்டுகிறார். தப்பா? (படிவம் 5 மாணவி, சுங்கை பாக்காப்)

பதில்: அப்பாவுக்கு அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் அது பெரிய தப்பில்லை. கலிஃபோர்னியாவில் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். 2 மடங்கு வரைக்கும் புரிதல் அதிகம் குறையவில்லை, அதையும் தாண்டினால்தான் சரிந்தது. ஆனால் அவர்கள் பார்த்த காணொளிகள் ரோமப் பேரரசைப் பற்றியும் வீடு நிலத்துக்கு விலை மதிப்பிடுவது பற்றியும். சமன்பாடு எதுவும் கிடையாது. அதனால் கதை மாதிரி சொல்கிற பகுதியை வேகமாக ஓட்டு, கணக்கு வருகிற இடத்தில் வேகத்தைக் குறைப்பதோடு நிற்காமல் அப்படியே நிறுத்திவிடு. அடுத்த வரியை நீ எழுதியபிறகு ஓடவிட்டு அவர் எழுதுவதோடு ஒப்பிட்டுப் பார். மோல் கணக்குக்கு இது கட்டாயம். ஒரு மோலில் எத்தனை துகள் என்று சொல்கிற 6.02 × 10²³ஐ 2 மடங்கு வேகத்தில் கேட்டால், அந்த எண்ணுக்குப் பெயர் கொடுத்த அவொகாட்ரோவே வந்தாலும் புரியாது.

கேள்வி: நான் இடைநிலைப்பள்ளியில் வேதியியல் ஆசிரியை. மாணவர்களுக்கு நானே காணொளி எடுக்கலாம் என்று இருக்கிறேன். எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், என்ன கருவி வாங்க வேண்டும்? சக ஆசிரியர்கள் ‘எதுக்கு இந்த வேலை’ என்று சிரிக்கிறார்கள். (செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: சிரிக்கட்டும் டீச்சர். 2007இல் அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்து மலைப்பக்கச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்று இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் இருந்தார்கள். விளையாட்டுப் போட்டிக்குப் போகிற பிள்ளைகள் தூரப் பயணத்தால் வகுப்பைத் தவறவிடுவது வழக்கமாகிப்போனது. அவர்களுக்காகப் பாடத்தைப் பதிவுசெய்து போட்டார்கள். கொஞ்ச நாளில் வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகளும் அதைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அப்புறம்தான் அவர்களுக்கு உறைத்தது: விளக்கத்தை வீட்டில் பார்க்கட்டும், வகுப்பு நேரத்தில் கணக்குப் போடுவோம், ஆய்வு செய்வோம், மாட்டிக்கொண்ட பிள்ளை பக்கத்தில் உட்காருவோம். இன்று தலைகீழ் வகுப்பறை என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்களே, அது பரவியதில் இந்த இருவருக்குப் பெரிய பங்கு உண்டு.

நீளம் பற்றி: 2014இல் எட்எக்ஸ் இணைய வகுப்புகளில் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை அலசிய ஓர் ஆய்வு வந்தது. காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்க்கிறவர்கள் கவனம் கொடுக்கிற நேரத்தின் நடுவளவு 6 நிமிஷத்தைத் தாண்டவில்லை. ஸ்லைடைக் காட்டிப் பேசுவதைவிடக் கையால் எழுதிக்கொண்டே பேசுகிற காணொளியைத்தான் அதிகம் பார்த்தார்கள், வகுப்பில் நடந்த விரிவுரையை அப்படியே படம்பிடித்து நறுக்கிப் போட்டது எடுபடவில்லை. பார்த்ததெல்லாம் படித்ததாகாது என்பதைப் பட்டர்வொர்த் அம்மாவுக்கே சொல்லியாகிவிட்டது. இருந்தாலும் அளவுக்கு இது நல்ல வழிகாட்டி: ஒரு காணொளிக்கு ஒரு கருத்து, 6 நிமிஷம். வேதிப் பிணைப்பு முழுவதையும் ஒன்றில் அடைக்காதீர்கள், அயனிப் பிணைப்பு ஒன்று, சகப்பிணைப்பு ஒன்று.

கருவி எதுவும் வாங்க வேண்டாம். இரண்டு பக்கமும் தடித்த புத்தகங்களை அடுக்கி, மேலே ஓர் அடிக்கோலை வைத்து, அதன்மேல் கைப்பேசியைத் திரை மேலேயும் கேமரா கீழேயும் இருக்கும்படி வைத்தால் கீழே நீங்கள் எழுதுகிற தாள் தெரியும். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். செந்தூல் வெக்கையில் அது கஷ்டம்தான், ஆனால் படத்தில் பிசிறு இருந்தால் பொறுத்துக்கொள்கிற பிள்ளைகள் குரல் கேட்கவில்லை என்றால் உடனே மூடிவிடுவார்கள். பின்னணி இசை போடாதீர்கள், பட்டாம்பூச்சி பறக்கவிடாதீர்கள். பாடத்துக்குச் சம்பந்தமில்லாத அலங்காரம் கவனத்தைத் தின்றுவிடும் என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல ஆண்டுகளாகச் சோதனை மேல் சோதனை செய்து காட்டியிருக்கிறார். காணொளியின் நடுவில் ஓர் இடத்தில் கேள்வி கேட்டுவிட்டு, “நிறுத்து, எழுது” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். ஐந்து விநாடி மௌனம் எடுக்கிற நமக்கு யுகமாகத் தெரியும், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

முக்கியமான விஷயம் காணொளிக்கு வெளியே இருக்கிறது. மறுநாள் வகுப்பில் அதே பாடத்தை நீங்கள் முதலிலிருந்து திரும்ப நடத்தினால் அதற்கு அடுத்த வாரத்திலிருந்து ஒரு பிள்ளையும் உங்கள் காணொளியைத் தொடாது. பார்க்காமல் வருகிற பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். அவர்களை மூலையில் இருக்கிற கணினியில் உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், மற்றவர்கள் ஆய்வில் இறங்கட்டும். கை வேலை நடக்கிற பக்கம் போக வேண்டும் என்றே அடுத்த தடவை பார்த்துவிட்டு வருவார்கள்.

கேள்வி: என் மகள் தமிழ்ப்பள்ளியில் படித்து இப்போது படிவம் 1. அறிவியல் மலாயில் நடப்பதால் திணறுகிறாள். யூடியூபில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் காணொளிகள் நிறைய இருக்கின்றன. காட்டலாமா, இல்லை குழப்பிவிடுமா? (பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: காட்டுங்கள், ஆனால் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு காட்டுங்கள். இந்த நாட்டில் அறிவியல் பாடத்தின் மொழி அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. 2003இல் ஆங்கிலத்துக்குப் போனது, பிறகு படிப்படியாகத் திரும்பி வந்தது, இப்போது இருமொழித் திட்டம் உள்ள பள்ளிகளில் ஆங்கிலம், மற்றதில் மலாய். நடுவில் நம் பிள்ளைகள்.

தமிழில் கேட்டால் கருத்து சட்டென்று விளங்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எந்தத் தமிழ்? ஜிசிம் என்று மலாயில் சொல்வதை நம் தமிழ்ப்பள்ளிப் புத்தகம் பொருண்மை என்கிறது, தமிழ்நாட்டுப் புத்தகம் நிறை என்கிறது, இலங்கையில் திணிவு. ஒளிச்சேர்க்கை என்று நாம் சொல்வது இலங்கைக்குப் போனால் ஒளித்தொகுப்பு. பிள்ளை ‘நிறை’ என்று கேட்டதும் எடையைச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டால் அங்கேயே வண்டி தடம் புரண்டுவிடும். போதாததற்குக் கடைக்காரர் அரிசியை ‘5 கிலோ எடை’ என்பார். கிலோகிராம் பொருண்மையின் அலகு, எடை என்பது விசை, அதை நியூட்டனில் சொல்ல வேண்டும். 1 கிலோ பொருண்மைக்குப் பூமியில் எடை சுமார் 9.8 நியூட்டன்.

அதனால் நோட்டில் மூன்று நெடுவரிசை போடச் சொல்லுங்கள்: காணொளியில் கேட்ட சொல், நம் தமிழ்ப்பள்ளிச் சொல், மலாய்ச் சொல். சில இடத்தில் தமிழ் அவளுக்குக் கைகொடுக்கும். லாஜுவுக்கும் ஹலாஜுவுக்கும் என்ன வித்தியாசம் என்று படிவம் 4 பிள்ளைகளே தடுமாறுவார்கள். தமிழில் வேகம், திசைவேகம். திசையும் சேர்ந்தது என்று சொல்லே சொல்லிவிடுகிறது, மனப்பாடம் செய்யவே தேவையில்லை. பெச்சுத்தான் என்றால் முடுக்கம், கடிகாரத்துக்குச் சாவி முடுக்குவோமே அந்த முடுக்கு. ஆனால் விடை மட்டும் மலாயில், அவள் கையால், முழு வாக்கியமாக எழுதிப் பழக வேண்டும். தமிழில் புரிந்துகொண்டு மலாயில் எழுதத் தெரியாமல் மதிப்பெண்ணை விட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டர்வொர்த் அம்மாவும் மகனுடைய விடைத்தாளை ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

கேள்வி: மகனுடைய பள்ளியில் ஆய்வுக்கூடத்துக்கு எப்போதாவதுதான் போகிறார்களாம். செய்முறையையும் காணொளியில் பார்த்துக்கொண்டால் போதாதா? (ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: போதாது. படிவம் 5 முடிவில் எழுதுகிற எஸ்.பி.எம். தேர்வில் 2021 முதல் தாள் 3 என்பது கருவிகளைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்கிற செய்முறைத் தேர்வு. முன்பு மாதிரி தாளில் எழுதித் தப்பிக்க முடியாது. காணொளியில் வெப்பமானி எப்போதும் சரியாகக் காட்டும், நிறுத்துக் கடிகாரத்தை யாரும் தாமதமாக அழுத்த மாட்டார்கள். நிஜத்தில், பட்டர்வொர்த் அம்மாவுக்குச் சொன்ன அதே 25 சென்டிமீட்டர் ஊசலின் 20 ஆட்டத்துக்கு ஒருமுறை 20.4 விநாடி வரும், அடுத்த முறை 19.7, அப்புறம் 20.1. எதை எழுதுவது என்று தலையைச் சொறிகிறானே, படிப்பு அங்கேதான் நடக்கிறது. கண்ணை அளவுகோலுக்கு நேராக வைப்பது, அட்டவணையில் அலகு போடுவது, எல்லா அளவையும் ஒரே தசமத்தில் எழுதுவது எல்லாம் கை பழகினால்தான் வரும்.

ஆனால் காணொளி ஆய்வுக்கூடத்தையே தோற்கடிக்கிற இடமும் உண்டு. பொட்டாசியத்தைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்பதைக் காணொளியிலேயே பார்க்கட்டும், விரல்கள் பத்தும் மிஞ்சும். உயிரணு பிளவுபடுவதை நாள் கணக்கில் உட்கார்ந்து பார்க்க முடியாது. 1971இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலாவில் நின்று ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாகக் கைவிட்டார், இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. அதைப் பினாங்கில் எந்த ஆய்வுக்கூடத்தில் செய்வது? கணினியில் நாமே இயக்கிப் பார்க்கிற, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் மாதிரிகளும் இலவசம்தான், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. அதில் மின்சுற்றைப் பிள்ளையே இணைத்துப் பார்க்கலாம், பல்பு எரியாவிட்டால் ஏன் என்று தேடலாம். வெறும் காணொளியைவிட அது ஒரு படி மேல்.

மீதியை அடுப்பங்கரையில் செய்யுங்கள். காடி (அமிலம்), காரம் பாடத்துக்கு நம் வீட்டிலேயே இரண்டு காட்டிகள் இருக்கின்றன, அதாவது நிறம் மாறிக் காடியா காரமா என்று காட்டிக்கொடுக்கிற பொருள்கள். ஒன்று சங்குப்பூ. நம் பினாங்கில் நியோன்யா பலகாரத்துக்கு நீல நிறம் கொடுப்பதே அதுதான். பூவை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினால் நீலமான நீர் கிடைக்கும், எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாகி இளஞ்சிவப்புப் பக்கம் போகும், சமையல் சோடா போட்டால் பச்சைப் பக்கம் சாயும். இரண்டாவது ஆலத்தித் தண்ணீர். மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பைச் சேர்த்ததும் சிவக்கிறதே, பாட்டி காலத்திலிருந்து நாம் செய்துவருவது காரச் சோதனை. அந்தச் சிவப்பில் எலுமிச்சையைப் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். எத்தனை சொட்டில் மாறியது என்று மகனை எண்ணச் சொல்லுங்கள், மூன்று முறை செய்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள். பள்ளியில் பியூரெட் என்ற அளவுக் குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டுச் செய்யப்போகும் தரம்பார்த்தலுக்கு ஒத்திகை முடிந்துவிட்டது. ஒரே எச்சரிக்கை: உற்சாகத்தில் குளியலறைப் பக்கம் போய்விட வேண்டாம். துணி வெளுக்கிற திரவத்தையும் காடி உள்ள கழிப்பறைத் திரவத்தையும் கலந்தால் குளோரின் வாயு வரும், அது விஷம்.

கேள்வி: இலவசமா, கட்டணமா? எதைத் தேர்ந்தெடுப்பது? (ஆயர் ஈத்தாம்)

பதில்: முதலில் இலவசத்தைத் தீர்த்துவிடுங்கள். இணையத்தில் பாடக் காணொளிகள் தருகிற கான் அகாடமி இலவசம், ஆரம்பித்தவர் சல்மான் கான், நடிகர் இல்லை. நம் கல்வியமைச்சு டிடிக் டிவி என்ற கல்வித் தொலைக்காட்சியை 2021 பிப்ரவரியில் தொடங்கியபோது அதற்கு இணையம்கூட வேண்டியிருக்கவில்லை, கைப்பேசி ஒன்றுதான் இருந்த வீட்டுக்கு அது பெரிய விஷயம். காசு கட்டத்தான் வேண்டும் என்றால் மாதிரிப் பாடம் ஒன்றைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். நடுவில் கேள்வி கேட்டுக் காத்திருக்கிறார்களா? தப்பான விடையை எடுத்து ஏன் தப்பு என்று பேசுகிறார்களா? எழுதியதைத் திருத்தித் தர ஆள் இருக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது யூடியூபில் சும்மா கிடைப்பதுதான். ‘எஸ்.பி.எம். ரகசியக் கேள்விகள்’ என்று விளம்பரம் செய்தால் பர்ஸை மூடிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் காலத்தில் கரும்பலகையும் சாக்கட்டியும்தான். அதில் படித்துத்தான் டாக்டர், இன்ஜினியர் எல்லாம் வந்தார்கள். இந்தக் காணொளி மோகம் இப்போது வந்ததுதானே, கொஞ்ச நாளில் ஓய்ந்துவிடும் இல்லையா? (ஓய்வுபெற்றவர், கெப்போங்)

பதில்: இப்போது வந்தது இல்லை ஐயா, உங்களைவிடவும் மூத்தது. பள்ளிகளில் புத்தகங்களுக்கு இனி வேலை இருக்காது, எல்லாம் திரைப்படத்தில் வந்துவிடும் என்று தாமஸ் எடிசன் 1913லேயே சொன்னார், புத்தகம் இன்னும் இருக்கிறது. 1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும் அமெரிக்கா பதறிப்போய், மறு வருஷம் என்.பி.சி. தொலைக்காட்சியில் காலை 6.30க்கு இயற்பியல் பாடம் போட்டது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹார்வி வைட் நடத்தினார். அதை முதலில் யாருக்காகச் செய்தார்கள் தெரியுமா, பள்ளி ஆசிரியர்களுக்காக. முதலில் வாத்தியார் படிக்கட்டும் என்று. இங்கேயும் கல்வித் தொலைக்காட்சி 1972இலேயே வந்துவிட்டது.

என் கதை ஒன்று சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், பிள்ளைகளைத் தொலைக்காட்சி அறைக்கு அழைத்துப் போய் அலைகள் பற்றிய பாடத்தை முழுசாகப் போட்டேன். அத்தனை பேரும் சத்தமே இல்லை. என்ன அருமையான வகுப்பு என்று எனக்கு ஒரே பெருமை. முடிந்ததும் விளக்கைப் போட்டு, “அலை நகரும்போது தண்ணீர் அதோடு போகிறதா?” என்று கேட்டேன். முழு வகுப்பும் ஒரே குரலில் “போகும் சார்!” என்றது. அரை மணி நேரமாகத் திரையில் தக்கை ஒன்று ஒரே இடத்தில் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை ஒரு வாளித் தண்ணீரையும் ஒரு தக்கையையும் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். கரும்பலகையில் நடத்தியிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், உங்களுக்காக.

கேள்வி: சார், வகுப்பில் சந்தேகம் கேட்க எனக்குக் கூச்சம். கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள். காணொளியில் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் பார்க்கலாம், அது பிடித்திருக்கிறது. டியூஷனை நிறுத்திவிட்டு இதிலேயே படிக்கவா? (படிவம் 4 மாணவி, கோலாலம்பூர்)

பதில்: உன்னை மாதிரியே சொன்னவர்கள் உண்டு அம்மா. அந்த சல்மான் கான் 2004இல் வேறு ஊரில் இருந்த உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைபேசியில் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார், அப்புறம் மற்ற உறவுக்காரப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். 2006இல் காணொளி எடுத்து யூடியூபில் போட்டபோது, உங்களைவிட உங்கள் காணொளிதான் பிடித்திருக்கிறது என்று அந்தப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்களாம். அண்ணன் முன்னால் ‘இன்னொரு தடவை’ என்று கேட்க வேண்டியதில்லை, திரும்ப ஓட்டினால் போதும், யாரும் பெருமூச்சு விட மாட்டார்கள். இது சின்ன விஷயமே இல்லை, காணொளியின் பெரிய வரம் என்று நான் நினைப்பதே இதைத்தான்.

ஆனால் ஐந்து முறை ஓட்டியும் புரியவில்லை என்றால் ஆறாவது முறையும் அவர் அதே வார்த்தையைத்தான் சொல்வார். அதனால் டியூஷனை இப்போது விடாதே. ஒன்று செய்: மூன்று தடவைக்கு மேல் எந்த இடத்தைத் திரும்ப ஓட்டுகிறாயோ, அந்த நிமிஷத்தையும் விநாடியையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துவை. ‘அலைகள், 4 நிமிஷம் 12 விநாடி, ஏன் வேகம் குறைகிறது என்று புரியவில்லை’, இவ்வளவு போதும். வகுப்பு முடிந்து எல்லாரும் கேன்டீனுக்கு ஓடும்போது அதை டீச்சர் மேசையில் வைத்துவிட்டு வா. வாய் திறக்கவே வேண்டாம். டீச்சர் பதில் சொல்லவில்லை என்றால் தாளை இந்தப் பத்திரிகைக்கு அனுப்பு, அடுத்த மாதம் முதல் கேள்வி உன்னுடையதுதான்.